ரெண்டு முள்ளு ரெகுலேட்டரும் எங்கம்மாவோட ஈரத்துணியும்

டிஸ்கி: இது வீட்ல பீர் காய்ச்சுறதைப் பத்தின பதிவு. அமெரிக்காவுல 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்கு அப்புறம் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கலாம். ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரைக்கும் ஓகே. தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கே இருக்கிற மக்கள் படிச்சுட்டு மோர் குடிச்சுட்டுப் படுத்துக்கோங்க :-)

இங்கே கலிஃபோர்னியாவுல பொட்டி தட்டுற நம்ம கோஷ்டியில பாட்டிலை விட்டுட்டு கெக்குக்கு மாறுறது இப்போ ஒரு தொத்து வியாதி மாதிரி பரவியாச்சு. கெக்குன்னா பெப்சி, கோக் கம்பெனிக்காரங்க ஒரு காலத்துல சிரப் அடைச்சு கடைகளுக்கு அனுப்பின அஞ்சு காலன் ஸ்டீல் பாத்திரம். அம்பது பாட்டில் கழுவுற வேலை மிச்சம். பதிலுக்கு ஒரு கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரும், அது தலையில மாட்ட ஒரு ரெகுலேட்டரும் வேணும். கூத்து ஆரம்பிக்கிறது இந்த ரெகுலேட்டர்லதான். மாறின ஒவ்வொருத்தனும் போன் பண்ணி பெருமையா சொல்றது ஒரே டயலாக்: "மச்சி, டூயல் கேஜ் வாங்கிட்டேன்டா!"

அந்த ரெண்டாவது முள்ளு தண்டம். சண்டைக்கு வர்றவங்க முழுசாப் படிச்சுட்டு வாங்க.

ஒரு கேஜ் கெக்குக்குப் போற அழுத்தத்தைக் காட்டும். அது கட்டாயம் வேணும். இன்னொண்ணு சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தத்தைக் காட்டும். "கேஸ் எவ்ளோ மிச்சம்னு அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம் சார்"னு சொல்லித்தான் கடைக்காரர் விக்கிறார். சொல்றது தப்பு. சிலிண்டர்ல இருக்கிறது திரவம். திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கிற வரைக்கும் அழுத்தத்தை முடிவு பண்றது வெப்பநிலை மட்டும்தான், அளவு இல்லை. 21 டிகிரி செல்சியஸ்ல சுமார் 840 பி.எஸ்.ஐ. சிலிண்டர் ரொம்பி இருந்தாலும் அதேதான், கால்வாசி இருந்தாலும் அதேதான். கடைசிச் சொட்டுத் திரவம் ஆவியானப்புறம்தான் முள்ளு இறங்கவே ஆரம்பிக்கும். அப்போ ஞாயித்துக்கிழமை சாயங்காலமா இருக்கும், வீடு நிறைய விருந்தாளி இருப்பாங்க.

நம்ம நண்பர் ஒருத்தர் புது சிலிண்டரை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சார். மறுநாள் பார்த்தா முள்ளு 540-ல நிக்குது. "ஒரே ராத்திரியில மூணுல ஒரு பங்கு லீக்காயிடுச்சு"ன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடினார். 3 டிகிரியில அவ்ளோதான்யா காட்டும்! பன்னெண்டாம் கிளாஸ் ஃபிசிக்ஸ்ல சென்டம் வாங்கின மனுஷன் அவர். கடைக்காரரும் பெருந்தன்மையா இன்னொரு ரெகுலேட்டரை அவர் தலையில கட்டி அனுப்பினார்.

எங்கம்மா ஃபிசிக்ஸ் படிச்சதில்லை. ஆனா வீட்டு கேஸ் சிலிண்டர்ல எவ்ளோ இருக்குன்னு பார்க்க ஈரத்துணியால ஒரு தடவை துடைப்பாங்க. மேல் பக்கம் சீக்கிரம் காயும், திரவம் இருக்கிற மட்டத்துக்குக் கீழே ஈரம் நிக்கும். சந்தேகம்னா தூக்கிப் பார்ப்பாங்க. அதுவும் அழுத்தத்துல திரவமாக்கி அடைச்சதுதானே. 14.2 கிலோ சிலிண்டர் மேல கேஜ் பார்த்திருக்கீங்களா? இருக்காது. எடைதான் கணக்கு. இங்கேயும் சிலிண்டர் தோள்ல டி.டபிள்யூ-ன்னு போட்டு காலி எடையைக் குத்தியிருப்பான். பாத்ரூம் தராசுல வெச்சு அதைக் கழிச்சுக்கோங்க. கணக்குப் பார்த்தா ஒரு கெக்குக்கு காஸ் ஏத்தி ஊத்திக் குடிச்சு முடிக்க 150 கிராம் பக்கம்தான் ஆகும்.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். கின்னஸ் மாதிரி ஸ்டவுட் ஊத்துறவங்க முக்கால் பங்கு நைட்ரஜன் கலந்த கேஸ் வாங்குவாங்க. அது திரவமாகாது, முள்ளு உண்மை பேசும். ஆனா அந்த சிலிண்டரோட வாயே வேற, சி.ஜி.ஏ 580. நம்ம 320 ரெகுலேட்டர் அதுல மாட்டாது.

அடுத்த மோசடி 'டூயல்' என்கிற மூணெழுத்து. டூயல் கேஜ்னா ரெண்டு முள்ளு. டூயல் பாடின்னா ஒரே சிலிண்டர்ல ரெண்டு ரெகுலேட்டர். கோதுமை பீருக்கு 16, இங்கிலீஷ் பிட்டருக்கு 6-ன்னு தனித்தனியா வெச்சுக்கலாம். டூயல் ஸ்டேஜ்னா அழுத்தத்தை ரெண்டு படியா இறக்குறது. சிலிண்டர் தீரும்போதும் வெளியே போற அழுத்தம் ஆடாது. மூணும் மூணு ஜாதி. விளம்பரத்துல மூணுக்கும் ஒரே டூயல். ஒரு ஸ்டேஜ் ரெகுலேட்டருக்கு ரெண்டு முள்ளு வெச்சுட்டு ரெண்டு ஸ்டேஜ் விலை கேக்குறவனை என்ன பண்றது?

இன்னொரு கோஷ்டி இருக்கு. "ரெகுலேட்டர்னா ரெகுலேட்டர்தான், என்ன பெரிய இது"ன்னு வெல்டிங் கடையில பழசு வாங்குற கோஷ்டி. மாட்டுற வாய் அதே 320-தான், ஒத்துக்கறேன். ஆனா பல வெல்டிங் ரெகுலேட்டர்ல அளவு மணிக்கு எத்தனை கன அடின்னு இருக்கும். அதை வெச்சு 12 பி.எஸ்.ஐ. எப்படி வைப்பீங்க? ஜாதகம் பார்த்தா?

காசு போட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது, அதான் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. உள்ளே ஒரு சின்ன வால்வு சீட் இருக்கு. அதுல தூசி உக்காந்தா முழுசா மூடாம, சொட்டுச் சொட்டா கேஸை விட்டுக்கிட்டே இருக்கும். ராத்திரி 12-ல வெச்சது காலையில 25. ஒரு பக்கம் 840, இன்னொரு பக்கம் 130-க்குத்தான் தாங்கும்னு முத்திரை குத்தின பாத்திரம். நடுவுல காவல் ரிலீஃப் வால்வு ஒண்ணுதான். நல்ல பீர் ரெகுலேட்டர்ல அது 60 பக்கம் திறந்து ஊதித் தள்ளிடும். மலிவு சரக்குல பலதுல அது எத்தனையில திறக்கும்னு எழுதியிருக்காது, சிலதுல வால்வே இருக்காது.

பயமுறுத்தறேன்னு சொல்வீங்க. 2012 ஏப்ரல்ல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மவுத்துல ஒரு பீர் ஆலையில, காத்தழுத்தத்துல கழுவிட்டிருந்த பிளாஸ்டிக் கெக் வெடிச்சு ஒரு தொழிலாளி செத்துப் போனார். தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா விசாரிச்சுச் சொன்னது: அந்தக் காத்துக் குழாய்ல அழுத்தத்தை 60-க்குக் கீழே நிறுத்துற ரெகுலேட்டர் இல்லை.

அப்புறம் லீக். சமையல் கேஸ்ல நாத்தத்துக்குன்னே மெர்காப்டன் கலந்து விடறாங்க. இதுல ஒரு வாசமும் வராது. 5 பவுண்டு சிலிண்டர்ல இருக்கிறது வெளியே வந்தா சுமார் 1,200 லிட்டர். 12-க்கு 10 அடி ரூம், 9 அடி உயரம், கதவு ஜன்னல் மூடியிருக்குன்னா காத்துல 4 சதவீதம். உயிருக்கு உடனடி ஆபத்துன்னு அமெரிக்க சுகாதார நிறுவனமான நியோஷ் வெச்சிருக்கிற அளவும் அதே 4 சதவீதம்தான். படுக்கையறை அலமாரியில கெக் வெச்சிருக்கிற சிங்கங்களே, கேக்குதா? வாஷரைப் பார்த்துப் போட்டு, சோப்புத் தண்ணி தடவி முட்டை விடுதான்னு பாருங்க.

ரெண்டாவது முள்ளுக்குக் குடுக்கிற பத்து பதினஞ்சு டாலருக்கு ஒரு செக் வால்வு வாங்கினா, கெக்குல இருந்து பீர் திரும்பி ரெகுலேட்டருக்குள்ள ஏறி பிசுபிசுன்னு ஒட்டிக்காது. கடையில போய் முதல்ல கேளுங்க: "ரிலீஃப் வால்வு எத்தனையில திறக்கும்?" அவர் முழிச்சா அடுத்த கடைக்கு நடைய கட்டுங்க.

"ரெண்டு முள்ளு இருந்தா பார்க்க கெத்தா இருக்குல்ல?"ன்னு கேட்ட புண்ணியவானுக்கு: சுவத்துக் கடிகாரத்துல மூணு முள்ளு இருக்குப்பா.