எக்செல்லுக்கும் ஒரு பூட்டு போடுங்க

1/ நோயாளிகள் லிஸ்ட்டை எக்செல்ல வெச்சிருக்கிற டாக்டர், நர்ஸ், லேப் நண்பர்களே, ஒரு நிமிஷம். அந்த ஷீட்டைப் பூட்டியிருக்கீங்களா?

2/ பெயர் காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி சார்ட் கொடுத்தா எக்செல் எச்சரிக்கும். அவசரத்துல அதைத் தாண்டிட்டா, பெயர்கள் இடம் மாறும். பக்கத்துல இருக்கிற கிரியாட்டினின் அங்கேயே நிற்கும். ஒருத்தரோட கிட்னி ரிசல்ட்டைப் பார்த்து இன்னொருத்தருக்கு டோஸ் குறைப்போம். ஷீட் பார்க்கச் சுத்தமா இருக்கும். அதுதான் ஆபத்து.

3/ "கவனமா இருங்க"ன்னு சொல்றது தீர்வே இல்ல. செப்ட்1 என்ற ஜீன் பெயரை எக்செல் செப்டம்பர் 1 ஆக்கிடும். ஆராய்ச்சியாளர்களே சலிச்சுப்போய், அந்த ஜீனுக்கே செப்டின்1னு பெயர் மாத்தினாங்க. நைட் டூட்டி பார்த்த நம்ம கண்ணு எந்த மூலை?

4/ எக்செல்ல எல்லா செல்லும் ஏற்கெனவே 'லாக்டு'தான். ஆனா 'புரொடெக்ட் ஷீட்' போடும்வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது. அதனால, தினமும் நிரப்புற செல்களுக்கு மட்டும் ஃபார்மட் செல்ஸ், புரொடெக்ஷன் போய் 'லாக்டு' டிக்கை எடுங்க. அப்புறம் ரிவ்யூ, புரொடெக்ட் ஷீட். அங்க 'சார்ட்'டுக்கு டிக் போடாதீங்க.

5/ இது கைத்தவறுக்கான பூட்டு, திருடனுக்கானது இல்ல. ரகசியம் காக்க, ஃபைல், இன்ஃபோவில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' தனியா போடணும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தா மைக்ரோசாஃப்ட்டாலயும் மீட்டுத்தர முடியாது.

6/ கேஸ் ஷீட்ல தப்பா எழுதினா அழிக்காதே, ஒரே கோடு போட்டு அடிச்சு, கையெழுத்தும் தேதியும் போடுன்னுதானே படிச்சோம்? காகிதத்துக்குக் கொடுத்த மரியாதையை எக்செல்லுக்கும் கொடுப்போம். ரெண்டுலயும் இருக்கிறது அதே நோயாளிதான்.