உபரி டீச்சர்

நம்ம ஊர் அரசுப் பள்ளிகளில் ஆட்குறைப்பு என்று யாரும் சொல்வதில்லை. 'பணிநிரவல்' என்பார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஒரு ஆசிரியர் 'உபரி', பெரும்பாலும் கடைசியாக வந்து சேர்ந்தவர். வேலை போகாது, வேறு பள்ளியின் காலியிடத்துக்கு அனுப்புவார்கள். அரசுக்கு ஒரு புது நியமனச் செலவு மிச்சம்.

சீனியாரிட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அதை எடுத்துவிட்டால் சிபாரிசுதான் வரும். என் சண்டை கணக்கோடு. 2009 கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 என்றால் மூன்று. வகுப்புகளோ ஐந்து! ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதக் கை பிடிக்கும் நேரத்தில் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் யார் சொல்லித்தருவது? (பதிவேடு எழுதுவது, கூட்டத்துக்குப் போவதெல்லாம் தனி.)

பீர்க்கன்கரணையில் காலையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் நின்று பாருங்கள், தனியார் பள்ளி வேன்கள் வரிசையாகப் போகும். ஒரே ஒரு குடும்பம் வீடு மாறி 61 என்பது 60 ஆனால் போதும், ஒரு டீச்சர் உபரி. டீச்சர் போனதும் மிச்சமுள்ள பெற்றோரும் வேனைத்தான் தேடுவார்கள். அடுத்த வருடம் இன்னும் குறையும்.

அட்டவணைக்கு மேல் ஆசிரியர் வைக்க அரசுக்குத் தடையொன்றும் இல்லை. முதலில் வகுப்புக்கு ஒருவர் என்று வைக்கட்டும். யார் ஜூனியர் என்பதை அப்புறம் பார்க்கலாம்.