தொக்கி நிற்கும் கூற்று

தொகைநிலைத் தொடரை அறியாத மாணவர் இலர். ‘பொற்குடம்’ என்பதைப் பொன்னால் ஆகிய குடம் என்று விரிக்கின்றோம். ‘ஆல்’ என்னும் உருபும் ‘ஆகிய’ என்னும் பயனும் எழுத்திலே இல்லை; பொருளிலே உண்டு. அவை தொக்கி நிற்கின்றன என்பர் இலக்கண ஆசிரியர். நாம் நாள்தோறும் நிகழ்த்தும் நியாயங்களிலும் இவ்வாறு தொக்கி நிற்கும் கூற்றுக்கள் பல உள. “வானம் இருண்டு கிடக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போ” என்று தாய் மகனுக்குச் சொல்லுகிறாள். இருண்ட வானம் மழை தரும் என்பதும், மகன் நடந்தே செல்வான் என்பதும், குடையிலே ஓட்டை இல்லை என்பதும் அவள் சொல்லாதவை. அனைத்தையும் விரித்துரைக்கப் புகுந்தால் பிள்ளை பாடசாலைக்குப் போய்ச் சேரான்.

ஆகவே கூற்று மறைந்து நிற்றல் தன்னளவிலே குற்றமன்று. மறைந்து நிற்பது பொய்யாயிருந்து, அப்படி ஒன்று மறைந்திருப்பதையே நாம் உணராதிருந்தால்தான் கேடு விளைகிறது. இவ்வுணர்வைச் சோதிப்பதற்கென்றே போட்டிப் பரீட்சைகளில் ஒருவகை வினா அமைக்கப்படுகிறது. அமெரிக்காவிலே சட்டக் கல்விக்கு மாணவரைத் தெரிவதற்காக 1948 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் எல்.எஸ்.ஏ.ரி. என்னும் பரீட்சை இவ்வகைக்குப் பேர்போனது. 2024 ஓகஸ்ட் மாதத்திலே அதன் அமைப்பு மாறியபின், புள்ளி வழங்கப்படும் மூன்று பகுதிகளுள் இரண்டு நியாய ஆராய்ச்சி வினாக்களுக்கே உரியன. அவற்றுள், “இந்நியாயம் எந்த எடுகோளின் மேல் நிற்கிறது?” என்பது அடிக்கடி வரும் கேள்வி.

மாதிரிக்கு ஒன்று பார்ப்போம். ஒரு பாடசாலையிலே சென்ற ஆண்டு கணிதத்துக்கு மாலை வகுப்புத் தொடங்கினர். இவ்வாண்டுப் பரீட்சையிலே கணிதத்திற் சித்தியடைந்தோர் தொகை பெருகியது. ஆகவே மாலை வகுப்பே அப்பெருக்கத்துக்குக் காரணம். இந்நியாயத்துக்கு இன்றியமையாத எடுகோள் யாது? விடைகள் மூன்று தரப்படுகின்றன. மாலை வகுப்பு எல்லா மாணவருக்கும் பயன் தரும் என்பது முதலாவது. கணிதம் ஏனைய பாடங்களுக்கு அடிப்படையானது என்பது இரண்டாவது. இவ்வாண்டு வினாத்தாள் சென்ற ஆண்டினதிலும் இலகுவானதன்று என்பது மூன்றாவது.

மாணவர் பலர் இரண்டாவதைத் தெரிவர். அஃது உண்மை என்று அவர்கள் கேட்டுப் பழகியிருப்பதே காரணம். ஆனால் கேட்கப்பட்டது உலகத்து உண்மை அன்று. இந்த நியாயத்துக்கு வேண்டுவது எது என்பதே. முதலாவது விடை இன்னும் வலிய வலை. மாலை வகுப்பைப் பற்றியே அது பேசுவதால் பொருத்தம்போலத் தோன்றும்.

இவ்விடத்திலே உதவுவது மறுத்துப் பார்க்கும் முறை. விடையை மறுத்துச் சொல்லிப் பாருங்கள். நியாயம் விழுந்தால் அதுவே தூண், விழாதிருந்தால் வெறும் அலங்காரம். வினாத்தாள் இவ்வாண்டு இலகுவாயிருந்தது என்று கொண்டால், பெருக்கத்துக்கு வேறொரு காரணம் முளைத்துவிடுகிறது. மாலை வகுப்பின் பெருமை ஆட்டங்காண்கிறது. எனவே மூன்றாவதே விடை. முதலாவதை மறுக்கும்போது மாத்திரம் ஓர் அவதானம் வேண்டும். ‘எல்லாருக்கும் பயன் தரும்’ என்பதன் மறுப்பு ‘ஒருவருக்கும் பயன் தராது’ என்பதன்று. ‘சிலருக்கேனும் பயன் தராது’ என்பதே. சிலருக்குப் பயன்படாதபோதும் ஏனையோராற் சித்தி பெருகியிருக்கலாமன்றோ? நியாயம் நிற்கிறது, ஆகவே அவ்விடை தள்ளத்தக்கது. ‘எல்லாம்’, ‘ஒருபோதும்’, ‘மட்டுமே’ என்ற சொற்களைக் கண்டவுடன் விடையை வெட்டிவிடு என்று சில வகுப்புக்களிலே மனப்பாடம் செய்விக்கின்றனர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘எல்லாம்’ என்பது வேண்டியே தீரும் நியாயங்களும் உண்டு. மறுத்துப் பார்ப்பவனுக்கே அந்த வேறுபாடு விளங்கும்.

சொல்லாததைச் சொன்னதிலிருந்து வருவித்தல் மேனாட்டார் மட்டும் கண்ட வித்தையன்று. மணிமேகலையிலே அளவைவாதி எடுத்துரைக்கும் அளவைகளுள் அருத்தாபத்தி ஒன்று. கங்கையிலே ஆயர்குடி இருக்கிறது என்றால் அதன் கரையிலே இருக்கிறது எனக் கொள்ளுதல் அதற்கு உதாரணம். நீரின்மேல் ஊர் இராது என்பது சொல்லாமலே விளங்குகிறது.

ஆனால் மறைந்த கூற்று ஓர் உயிரையே குடித்ததைக் காணவேண்டுமாயின் சிலப்பதிகாரத்தைத்தான் திறக்கவேண்டும். கோவலன் விற்கக் கொணர்ந்த சிலம்பைப் பார்த்த பொற்கொல்லன், கோப்பெருந்தேவிக்கன்றிப் பிறர்க்கு இது பொருந்தாது என்று அவனிடமே புகழ்ந்துரைக்கிறான். அரசனிடம் சென்றபோதோ அதைச் சொல்லவில்லை. அரண்மனைச் சிலம்பைத் திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்று முடிவை மட்டும் சொல்லுகிறான். “இத்தகைய சிலம்பு வேறெவரிடமும் இராது” என்னும் கூற்றின்மேலேயே அம்முடிவு நிற்கிறது. அதை அரசன் காணவில்லை. தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமானால் கொன்று கொணர்க என்று அவன் நிபந்தனையோடுதான் கட்டளையிட்டான். அந்நிபந்தனை நிறைவேறியதா என்று பார்த்துச் சொல்லும் வேலை யாருக்கு வாய்த்தது? சிலம்பைத் திருடிய பொற்கொல்லனுக்கே.

காவலர், இவன் தோற்றத்திலே கள்வனாகத் தெரியவில்லை என்று தயங்குகின்றனர். கள்வனைத் தோற்றத்தால் அறியலாம் என்பது இவர்களுடைய மறைந்த எடுகோள். பொற்கொல்லன் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுகிறான். மந்திரமும் மருந்தும் தந்திரமும் வல்ல கள்வர் அகப்படாமல் திரிவர் என்று விரித்துரைத்து, காவலருடைய தூணை இடித்துத் தள்ளுகிறான். தன் தூணை ஒருவரும் தொடவில்லை. இந்த இடத்தைப் படிக்குந்தோறும் எனக்கு நடுக்கம் உண்டாகும். பிறர் நியாயத்தின் ஓட்டையைக் காட்டும் திறமை உள்ளவன் நல்லவனாகவே இருப்பான் என்பது ஒன்றுமில்லையே.

பின்னர் வழக்குரை காதை. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என்று பாண்டியன் விடையிறுக்கிறான். அளவையியல் மாணவர் இதை எழுதிப் பார்க்கவேண்டும். பெரிய எடுகூற்று வெளிப்பட நிற்கிறது. கோவலன் கள்வன் என்னும் சிறிய எடுகூற்று தொக்கி நிற்கிறது. கண்ணகி வெளிப்பட்டு நின்றதோடு வாதாடவில்லை. கள்வனைக் கொல்லலாமா, கூடாதா என்பது அவள் வழக்கன்று. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் நன்று சொன்னாய் என்று ஏற்று, எம்முடையது முத்து என்கிறான். சிலம்பு வருகிறது, உடைபடுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. மறைந்து நின்ற கூற்று மறுக்கப்பட்டவுடன், அதன்மேல் எழுப்பிய தீர்ப்பும், தீர்ப்புச் சொன்னவனுடைய உயிரும் ஒருங்கே விழுகின்றன.

இனி வீடுகளுக்கு வருவோம். மேசைமேல் வைத்த மோதிரத்தைக் காணவில்லை. காலையில் அறை கூட்ட வந்தவள் வேலைக்காரப் பெண் ஒருத்தியே. ஆகவே அவளே எடுத்தாள். இதிலே தொக்கி நிற்பவை எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மோதிரம் மேசைமேலேதான் இருந்தது என்பது ஒன்று. அது தவறி விழவில்லை என்பது மற்றொன்று. நேற்றிரவு வேறு எவரும் அவ்வறைக்குட் செல்லவில்லை என்பது இன்னுமொன்று. பெண்ணைக் கூப்பிட்டு விசாரிக்குமுன் மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பதற்கு அளவையியற் பட்டம் வேண்டியதில்லை.

பயிற்சிக்காக ஒன்று தருகிறேன். ஓர் ஊர் வாசிகசாலையிலே இரவல் கொடுக்கப்பட்ட நூல்களின் தொகை ஐந்து ஆண்டுகளிற் பாதியாகக் குறைந்தது. ஆகவே அவ்வூரார் வாசிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு வருகின்றனர் என்று வாசிகசாலைத் தலைவர் முடிவு செய்தார். இம்முடிவு நிற்பதற்கு வேண்டிய எடுகோள்கள் இரண்டையாவது கண்டு, ஒவ்வொன்றையும் மறுத்து எழுதிப் பாருங்கள். தலைவர் எந்த இடத்திலே தடுமாறுகிறார் என்பதை அடுத்த ஞாயிறு ஆராய்வோம்.