கல்வராயன் மலையும் பத்திரிகைப் படங்களும்

கல்வராயன் மலையைப்பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியாகும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. முன்னே சாராயக் குடங்களும் லாரி டியூபுகளும் கிடக்கின்றன. பின்னே தலைகவிழ்ந்த ஆடவர் இரண்டு மூன்று பேர். இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் போலீஸார். அவர்களுடைய பெயரும், ஊரும், தகப்பன் பெயரும்கூடத் தவறாமல் அச்சாகின்றன. ஓராண்டோ ஈராண்டோ கழித்து அவர்களில் எவரேனும் நியாயஸ்தலத்தில் விடுதலையானால் அச்செய்திக்கு மட்டும் பத்திரிகைகளில் இடம் அகப்படுவதில்லை. நமது பத்திரிகையும் இவ்விஷயத்தில் குற்றமற்றதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

2024ம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களைக் கொன்றது மெதனால். அது தொழிற்சாலைகளில் உண்டாகும் இரசாயனம். வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சும் மலைச் சாராயத்திலிருந்து கிடைப்பதன்று. சமவெளியில் வாங்கப்பட்டு, சமவெளியில் கலக்கப்பட்டு, சமவெளியில் விற்கப்பட்ட சரக்கு அது. ஆயினும் அடுத்த நாள் முதலே போலீஸாரும், அவர்களைத் தொடர்ந்து படக்காரர்களும் எங்கே ஏறினார்கள்? மலைக்கு! ஊறல்கள் கவிழ்க்கப்பட்ட காட்சிகள் நாள்தோறும் வெளியாயின. மெதனாலை விற்ற வியாபாரச் சங்கிலியைப்பற்றிய விவரங்கள் அவ்வளவு ஆவலுடன் பிரசுரிக்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டு வழக்கை மத்திய சர்க்காரின் சி.பி.ஐ. வசம் ஒப்புவிக்க நேர்ந்ததொன்றே உள்ளூர் விசாரணையில் எவ்வளவு நம்பிக்கை இருந்ததென்பதைக் காட்டும்.

மலையில் சாராயம் காய்ச்சப்படுவதே இல்லையென்று நாம் வாதிக்க வரவில்லை. காய்ச்சப்படுகிறது, அதனால் மலைக் குடும்பங்களே முதலில் கெடுகின்றன. ராஜாஜி மந்திரிசபை 1937ல் மதுவிலக்கை முதன்முதலாக அமல் நடத்தியது, இம்மலையின் ஒரு பகுதியைத் தன்னுள் கொண்ட சேலம் ஜில்லாவிலேதான். நமது ஆட்சேபம் வேறு. போலீஸாரிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு விரோதமாக ருசுப்படுத்தக் கூடாதென்பது 1872ம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சட்டத்திலும் 23வது பிரிவாக அது நிலைத்திருக்கிறது. அந்நிய ஆட்சிக்கே தன் போலீஸாரிடம் இருந்த அவநம்பிக்கை அவ்வளவு! நீதிபதி தொடமறுக்கும் அந்த வாக்குமூலத்தைத்தான் நாம் "பரபரப்பு வாக்குமூலம்" என்று தலைப்பிட்டு வெளியிடுகிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பு இனத்தாருக்கு இந்த அநுபவம் பழையது. 1994ல் கால்பந்து வீரராகப் பெரும்புகழ் பெற்றிருந்த ஓ. ஜே. ஸிம்ஸன் கொலைக் குற்றச்சாட்டின்பேரில் கைதானபோது, போலீஸார் எடுத்த ஒரே படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' என்னும் இரு வாரப் பத்திரிகைகளும் அட்டையில் போட்டன. 'டைம்' பத்திரிகையில் மட்டும் அம்முகம் இருட்டடித்துக் கறுப்பாக்கப்பட்டிருந்தது. இரு பத்திரிகைகளும் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபடியால் வித்தியாசம் வெளிப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பவே ஆசிரியர் சமாதானம் கூற நேர்ந்தது. குற்றத்தைக் காட்ட இவ்வளவு ஊக்கமுள்ள தேசம் வெற்றியைக் காட்ட எப்படி இருந்தது? 1910 ஜூலை 4ந் தேதி ஜாக் ஜான்ஸன் என்ற கறுப்பு இனக் குத்துச்சண்டை வீரர் ஜெப்ரீஸ் என்ற வெள்ளையரை வீழ்த்தினார். அச்சண்டையின் படத்தைக் காட்டப் பல நகரங்கள் தடை விதித்தன. 1912ல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொரு ராஜ்யத்துக்கு அனுப்பலாகாதென்று காங்கிரஸ் சபையே சட்டம் செய்தது. பின்னர் தடைபோய் வியாபாரம் வந்தது. 1972ல் வெளியான 'சூப்பர் ஃபிளை' என்ற படத்தின் கதாநாயகன் கொக்கேன் விற்கும் கறுப்பு வாலிபன். அழகன், சூரன், யாருக்கும் வணங்காதவன். கறுப்பு மக்களின் உரிமைச் சங்கங்களே இத்தகைய படங்களை எதிர்த்து ஒன்றுகூடின. எங்கள் பிள்ளைகளுக்கு முன்னேற வேறு வழியே இல்லையென்று காட்டுகிறீர்களா என்பது அவர்கள் கேள்வி.

நமக்கும் அப்படியொரு கதாநாயகன் வாய்த்திருக்கிறான். 2021ல் வெளிவந்து தமிழிலும் ஓடிய 'புஷ்பா' என்ற தெலுங்குப் படத்தில், சேஷாசலக் காட்டிலே செம்மரம் வெட்டும் கூலி ஒருவன் எவருக்கும் தலைவணங்காமல் கடத்தல் கூட்டத்துக்கே அதிபதியாகிறான். நடிகருக்கு தேசீய விருதும் கிடைத்தது. இப்பொழுது அசல் கூலிகளைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7ந் தேதி அதே சேஷாசலத்தில் ஆந்திரப் போலீஸார் 20 பேரைச் சுட்டுக் கொன்றனர். அவர்கள் நமது வடமலை ஜில்லாக்களிலிருந்து சென்றவர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பை ஜில்லா ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து சவங்கள் மிதந்தன. அவ்வைவரும் கல்வராயன் மலையின் சேலம் பகுதியைச் சேர்ந்தவர்கள். செம்மரம் கடல் கடந்து போகிறது. அதை வாங்கி அனுப்பி லக்ஷக்கணக்கில் சம்பாதிப்பவனின் முகம் எந்தப் பத்திரிகையிலாவது குடங்களுக்குப் பின்னே நின்றதுண்டா? வெட்டியவன் முகமும் அநேகமாகச் செத்த பிறகுதான் வருகிறது.

மூன்றாவது வகைப் படமும் ஒன்றுண்டு. மலையிலிருந்து பிள்ளையொன்று பெரிய பரீக்ஷையில் தேறிவிட்டால் உடனே அதிசயம், சாதனை என்று மாலை போடுகிறோம். போடவேண்டியதுதான், நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதை அதிசயமாக்கியது எது என்று கேட்பதில்லை. சென்னை ராஜ்யத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ல் நிறைவேறியது. கல்வராயன் மலையின் மூன்று ஜாகீர்களும் சர்க்கார் வசமானதோ 1976ல். சுதந்திரக்கொடி ஏறிய பின்னும் ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி. கூலியில்லாத வெட்டி வேலை! 2024 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டு இம்மலைவாசிகளின் நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்ட பிறகே பல தமிழர்கள் இதை அறிந்தார்கள். பத்திரிகைகள் அதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

சாமையும் தினையும் விதைத்து, கடுக்காய் பொறுக்கி, சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, அன்றன்றைய விலைக்கு விற்று, பிள்ளையை உண்டுறைப் பள்ளியில் சேர்த்துவிட்டு மலையேறும் மனிதன் நமது பத்திகளில் எங்குமில்லை. பெரும்பான்மையோர் அவர்களே. கிழங்கின் விலை, பட்டா, வெள்ளிமலை ஆஸ்பத்திரி, மழைக்காலத்துப் பாதை ஆகியவற்றைப்பற்றி அவனிடம் கேட்டால் நாலு பத்தி எழுதலாம். ஒரு நிருபர் ஒரு நாள் பஸ் ஏறவேண்டும், அவ்வளவே.

தீர்ப்பாகாத வழக்குகளில் போலீஸார் நிறுத்திக் காட்டும் ஆட்களின் படம் இனி இப்பத்திரிகையில் வெளிவராது. முன்னர் நாம் பெயரும் படமும் வெளியிட்டு, பின்னர் விடுதலையானவர்களின் விவரத்தைச் சேகரித்து அனுப்பும்படி கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் நிருபர்களுக்கு எழுதியிருக்கிறோம். முன்னே எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில் அது பிரசுரமாகும்.