மாமாவின் தூண்டிலுக்கு ஒரு பிடி

தூண்டில் என்றதும், "இது ஆம்பிளைகள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மீனைவிடக் கையைப் பற்றித்தான் இதில் அதிகம் சொல்லப் போகிறேன். வயதான கை ஒன்றாவது இல்லாத வீடு ஏது?

என் மாமனாருக்கு 74 வயது. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கமில்லையா, அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததுமே மாமா மூங்கில் கழியும் மண்புழுக் கொட்டாங்கச்சியுமாகக் கிளம்பிவிடுவார். அத்தை போன பிறகு அவருக்கென்று இருந்த போக்கிடம் அது ஒன்றுதான். இரண்டு வருஷமாக அதையும் நிறுத்திவிட்டார். கேட்டால், "மீனெல்லாம் முன்னே மாதிரி இல்லேம்மா" என்பார். நாளெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். சாப்பாடும் குறைந்து போயிற்று.

காபி டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடிப்பதைக் கவனித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. விரல் கணுக்களெல்லாம் முண்டு முண்டாக இருக்கின்றன. கட்டை விரலின் அடியில் வலி. மூங்கில் கழியின் அடிப்பக்கம் ஒரு விரல் பருமன்தான். அதை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை, சொல்ல வெட்கம்! டாக்டரிடம் அழைத்துப் போனோம். எலும்பு மூட்டுத் தேய்மானம் என்றார். "கையைச் சும்மா போட்டு வைக்காதீர்கள், விரல்கள் இன்னும் விறைத்துப் போகும். ஆனால் இறுக்கிப் பிடிக்கிற வேலையைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெல்லிசான பிடியைப் பிடிக்க விரல்களை முழுக்க மடக்கி நெரிக்க வேண்டும். பிடி சற்றுப் பருமனாக இருந்தால் பாதி மடக்கினாலே போதும், உள்ளங்கை முழுவதும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அதற்காக உலக்கை மாதிரி இருந்தாலும் ஆகாது. கையைச் சுற்றிப் பிடித்தால் விரல் நுனிகள் கட்டை விரலின் அடிச் சதையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு அதைவிட ஒரு நூல் பருமன் கூடுதலாகவே இருக்கலாம். மாமாவின் கையை ஒரு நூல் கயிற்றால் சுற்றி அளவெடுத்துக்கொண்டேன். நாகப்பட்டினத்தில் வலையும் தூண்டில் சாமானும் விற்கிற கடை ஒன்றுக்கு அவரையே அழைத்துக்கொண்டு போனோம். பையன், "போனிலேயே ஆர்டர் போட்டுடலாம்மா" என்றான். செருப்பைக்கூடக் காலில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? பிடியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில் எனக்கு இஷ்டமில்லை.

அங்கே போனால் இத்தனை தினுசா என்று ஆகிவிட்டது. ஒரு பக்கம் தக்கைப் பிடி. நம் ஊரில் தூண்டிலில் மிதக்க விடுகிற நெட்டித் தக்கை இல்லை இது. முன்பெல்லாம் மருந்து பாட்டிலை மூடி வருமே, அந்த கார்க். ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. போர்ச்சுகல் தேசத்தில்தான் அதிகம் விளைகிறது. மரத்துக்குச் சுமார் 25 வயதானால்தான் முதல் தடவை உரிப்பார்களாம். பிறகு 9 வருஷத்துக்கு ஒரு முறை உரிப்பார்கள், மரம் சாகாது. அந்தப் பட்டையை வளையம் வளையமாக நறுக்கிக் கோத்து, பசை போட்டு ஒட்டி, கடைசல் பிடித்து வழவழப்பாக்குகிறார்கள். தொட்டால் வெதுவெதுப்பாக, பூப்போல இருக்கிறது. ஈரக் கையிலும் வழுக்காது. எனக்கு அதைக் கீழே வைக்க மனசே வரவில்லை. ஆனால் விலை குறைந்த தக்கையில் நிறையக் குழிகள் இருக்கும். தக்கைத் தூளையும் பசையையும் குழைத்து அவற்றை அடைத்திருப்பார்கள். நாளாக ஆக அது உதிர்ந்து, பிடி அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். நல்ல தக்கை வேண்டுமானால் பணம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் கறுப்பு நுரைப் பிடி. 'ஈவா' என்கிறார்கள். நம் லேசான செருப்புகளுக்கும், குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கிற அட்டை மெத்தைக்கும் போடுகிற அதே சரக்குதான். தண்ணீர் உறிஞ்சாது, சேறு பட்டால் கழுவிவிடலாம், விலையும் சல்லிசு. இதில் ஒன்று கவனியுங்கள்: கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியான நுரை லேசாக அமுங்கி உடனே எழும்பும். மட்டமானது பொசுக்கென்று பள்ளமாகும். அதை வாங்கினால் கையெல்லாம் வேர்த்து, பிடியும் நழுவும்.

பிடியின் அமைப்பிலும் வித்தியாசம் உண்டு. சுற்றுகிற ரீல் உட்காரும் இடத்திலிருந்து அடி முனைவரை ஒரே நீளமாகப் பிடி வருவது ஒரு தினுசு. நடுவில் வெறும் கம்பை விட்டுவிட்டு, மேலே கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று பிடி போடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் இப்போது எங்கே பார்த்தாலும். பார்க்க ஒயிலாக இருக்கிறது, கொஞ்சம் எடையும் குறைச்சல். இளவட்டங்களுக்குச் சரி. மாமாவைப் போன்றவர்களுக்கு வலி வந்தால் கையை அப்படி இப்படி மாற்றிப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வெறும் கம்பு கையில் அகப்பட்டால் மறுபடியும் மெல்லிசைப் பிடித்த கதைதான். முழுப் பிடியையே எடுத்தேன்.

துப்பாக்கிப் பிடி என்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 1970-களில் அது ரொம்பப் பிரபலம். குட்டையாக, வளைந்து, ஆள்காட்டி விரலுக்கு ஒரு கொக்கி வைத்திருக்கும். ஒரே கையால் வீசுவதற்கு வாகு. ஆனால் அடிப்பக்கம் குட்டையாக இருப்பதால் முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அதனால் நீளத்தையும் பார்த்தே ஆக வேண்டும். ரீல் இருக்கும் இடத்தில் பிடித்தால் அடி முனை ஏறக்குறைய முழங்கைவரை வர வேண்டும். அப்போது கம்பு முன்கையின் அடியில் சாய்ந்துகொள்ளும், மணிக்கட்டு தப்பிக்கும். அதைவிட நீண்டால் சட்டையில் மாட்டும். ரீலை மாட்டிய பிறகு, அதற்குச் சற்று மேலே ஒரே விரலில் கம்பைத் தாங்கிப் பாருங்கள். நுனி பொத்தென்று கீழே சாய்ந்தால், மீன் கடிக்காத நேரத்திலும் அதைத் தூக்கிப் பிடித்தபடியே கை ஓய்ந்து போகும். ரீலைச் சுழற்றும் குமிழையும் மறந்துவிடாதீர்கள். தட்டையான சின்னக் குமிழ் கட்டை விரலைக் கொன்றுவிடும்; உருண்டையாக, எலுமிச்சம்பழம் போலத் திரண்டிருந்தால் சுகம்.

இதையெல்லாம்விட முக்கியமான சமாசாரம் ஒன்று. கார்பன் கம்பு லேசாகத்தான் இருக்கும், ஆனால் அதில் மின்சாரம் பாயும்! எங்கள் பக்கம் வாய்க்காலுக்குக் குறுக்கே கரண்ட் கம்பிகள் தாழ்வாகப் போகின்றன. ஏழடிக் கம்பை நிமிர்த்திப் பின்னால் வீசினால் என்ன ஆகும்? கண்ணாடி இழைக் கம்பு அவ்வளவு மோசமில்லை என்றாலும், ஈரமும் சேறும் பட்ட எந்தக் கம்பையும் நம்பக் கூடாது. மாமாவுக்குக் கண்ணாடி இழைக் கம்புதான் வாங்கினோம். கம்பி போகிற இடத்தில் உட்காருவதில்லை, இடி இடித்தால் கம்பைக் கீழே போட்டுவிட்டு வீடு வந்துவிடுவது என்று பேச்சு.

வாங்கிய பிடி என் நூல் கயிற்று அளவுக்குச் சற்று மெல்லிசுதான். டென்னிஸ் மட்டையில் சுற்றுகிற நாடா விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கிறது. அதை இரண்டு சுற்று, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றினேன். மாமா கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "நிக்குதும்மா" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. முள்ளில் முடிச்சுப் போட மட்டும் இன்னும் விரல் வரவில்லை. பேரன் முந்தின ராத்திரியே அரை டஜன் முள்ளை நரம்பில் கட்டி ஒரு அட்டையில் சுற்றி வைத்துவிடுகிறான். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, நடுநடுவே கையை விட்டு விரல்களை விரித்து மடக்க வேண்டும் என்பது என் கட்டளை.

நாடா மீந்து போயிற்று. சும்மா விடுவேனா? தோசைத் திருப்பி, குழம்புக் கரண்டி, தேங்காய்த் துருவியின் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகப் பருமனாக்கினேன். அடுப்புச் சூடு படுகிற கரண்டிக்கு மட்டும் நாடா வேண்டாம். பழைய பருத்தித் துணியைச் சுற்றி நூலால் கட்டி, வாரம் ஒரு முறை அவிழ்த்துத் துவைத்துவிடுங்கள். விளக்குமாற்றின் கட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் கட்டிப் பாருங்கள். பெருக்கி முடித்த பிறகு கை வலிக்கிறது என்று சொல்கிற எத்தனை பேருக்கு அதுவே பாதி மருந்து!

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் விறைத்திருந்தால், இரண்டு கையிலும் கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தால், அது தேய்மானமாக இல்லாமல் முடக்கு வாதமாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அது அதிகம், முப்பது வயதிலும் வரும். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று தைலம் தடவிக்கொண்டு நாள் கடத்த வேண்டாம். ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் மூட்டு கோணாமல் காக்க முடிகிறது.

மீன் முள் குத்தினாலும் அலட்சியம் கூடாது. மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. கெளுத்தி முள் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, தடுப்பூசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிவந்து வீங்கினால் அன்றைக்கே டாக்டர்.

பிடியைச் சுத்தம் செய்வது சுலபம். பழைய பல் தேய்க்கும் பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர். தக்கையானாலும் நுரையானாலும் இது போதும். தேய்த்துக் கழுவி, நிழலில் காய விடுங்கள், வெயிலில் போட்டால் தக்கை வெடிக்கும். ஈரத்தோடு உறையில் போட்டு மூடினால் ஒரு வாரத்தில் பூஞ்சைக் காளான் பூத்துவிடும். சுற்றிய நாடா அழுக்கேறினால் அவிழ்த்தெறிந்துவிட்டுப் புதுசு சுற்றிவிடலாம். மாமாவுடையதை இதுவரை இரண்டு தடவை மாற்றியாயிற்று.