ராக்கெட்டை இறக்கினால் காதில் கேட்கும் குரல் அடங்குமா?

ரூமில் நீங்கள் மட்டும்தான். போன் ஆஃப். ஆனால், "நீ எதுக்குமே லாயக்கில்லை" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்கிறது. தினமும் இப்படியே கேட்டால் எப்படி இருக்கும்?

மனச்சிதைவு நோய் உள்ள பலருடைய அன்றாடம் இதுதான். "சும்மா கற்பனை பண்ணாதே" என்று நாம் ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அவர்களுக்கு அது நிஜமாகவே கேட்கிறது. மாத்திரையால் நிறைய பேருக்குக் குரல்கள் அடங்கும். சுமார் 30 சதவிகிதம் பேருக்கு மட்டும் வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை.

இவர்களுக்காக லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்தது, ஒரு வீடியோ கேம். 2018-ல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 12 பேர். எம்.ஆர்.ஐ ஸ்கேனருக்குள் படுத்திருப்பவரின் கண்முன்னே திரையில் ஒரு ராக்கெட். ஜாய்ஸ்டிக் கிடையாது. மூளையில் ஒரு பகுதி சுறுசுறுப்பானால் அங்கே ரத்த ஓட்டம் கூடும். பேச்சைக் கேட்டு உணரும் பகுதியில் அந்த மாற்றத்தை ஸ்கேனர் அளந்துகொண்டே இருக்கும். அங்கே சுறுசுறுப்பு குறைந்தால், ராக்கெட் இறங்கும். எப்படிக் குறைப்பது? அந்த வழியை அவரவர்தான் மனசுக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

4 முறை பயிற்சிக்குப் பிறகு, அந்தப் பகுதியை அடக்க அவர்கள் பழகியிருந்தார்கள். குரல்களின் தொல்லையும் குறைந்திருந்தது.

சூப்பர்ல? கொஞ்சம் பொறுங்க. 12 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. பயிற்சி இல்லாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. தொல்லை குறைந்தது ராக்கெட்டாலா, 'புது சிகிச்சை' என்ற நம்பிக்கையாலா? இந்த ஓர் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அதனால், 'மூளைப் பயிற்சி' என்று ஏதாவது ஆப் விளம்பரம் வந்தால் உஷார். இந்த ஆய்வில் மூளைக்குள் ரத்த ஓட்ட மாற்றத்தை அளந்தது எம்.ஆர்.ஐ மெஷின். உங்கள் போனால் அது முடியாது. இதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால், பழைய குரல்கள் இன்னும் மோசமாகத் திரும்பி வரலாம்.

நண்பர் யாராவது "எனக்குக் குரல் கேட்குது" என்று சொன்னால், சிரிக்காதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள், மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள். எங்கே போவது என்று தெரியவில்லையா? மத்திய அரசின் இலவச டெலிமானஸ் எண் 14416. இப்போதே சேவ் பண்ணி வைங்க.