பழுதானால் குப்பைத் தொட்டியா?



"இதையெல்லாம் இப்போது யார் சார் பழுதுபார்க்கிறார்கள்? தூக்கிப் போட்டுவிடுங்கள்!"

கடந்த பள்ளி விடுமுறையில் மின்கருவிக் கடைக்காரர் ஒருவர் எனக்கு வழங்கிய அறிவுரை இது. எங்கள் வீட்டு டிவிடி கருவி, எந்த வட்டைப் போட்டாலும் 'வட்டு இல்லை' என்றே காட்டிக்கொண்டிருந்தது. மறைந்த என் தாயார் 2008ஆம் ஆண்டு இல்ல விழா ஒன்றில் ஆற்றிய உரை ஒரு வட்டில் இருக்கிறது. பாட்டியின் குரலை ஒருமுறையேனும் கேட்க வேண்டும் என்பது என் மகனின் ஆசை.

வீடு திரும்பி, கருவியைத் திறக்க முனைந்தேன். ஆவலோடு கைநீட்டிய மகனிடம் என் வாய் தானாகச் சொன்ன சொல், "தொடாதே!"

அந்தச் சொல்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. வகுப்பறையில் "சிந்தனைத் திறன்" என்று முழங்கும் நாம், வீட்டில் பிள்ளையின் கையைத் தட்டிவிடுகிறோம். இது முரண் அன்றோ?

உண்மையில் பழுது என்ன? டிவிடி கருவியில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி, உளுந்தளவு வில்லை ஒன்றின் வழியே வட்டில் பட்டுத் திரும்புகிறது. வில்லையில் தூசு படிந்தால் திரும்பும் ஒளி மங்கும். கருவி வட்டை உணராது. மின்செருகியைக் கழற்றிச் சிறிது நேரம் காத்திருந்து, திருகாணிகளை நீக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மகனே வில்லையை மென்மையாகத் துடைத்தான். நன்கு உலர்ந்தபின், மூடியைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தோம். பாட்டி பேசினார்!

"ஆபத்தில்லையா?" என்பீர்கள். உண்டு. மின்சாரம் நுழையும் பகுதியிலுள்ள மின்தேக்கிகளில், இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அப்பகுதியைப் பிள்ளைகள் தொடலாகாது. அங்குள்ள பழுது தொழில்நுட்பர் கவனிக்க வேண்டியது. மூடியைத் திறந்து வைத்துக் கருவியை இயக்குவதும் கூடாது. லேசர் ஒளி கண்ணுக்குக் கேடு. இவற்றைப் பெரியவர் அருகிருந்து கற்பிக்க வேண்டும். ஆபத்து இருக்கிறது என்பதற்காகக் கற்பிக்காமலே விடுவது பாதுகாப்பு ஆகாது.

"புதியது வாங்குவதே மலிவு" என்பாரும் உளர். பணக்கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், பழுதானதை எறிவதே வழி என்று கண்டு வளரும் பிள்ளை, தவறிய கணக்கையும் அப்படியே கைவிட்டால் யாரை நோவது?

ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். படிநிலை இரண்டில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்றொரு பாடமே இருக்கிறது. அதையும் பயிற்றித் தாள்களிலேயே முடித்துவிடுகிறோமா, இல்லையா? முன்பு யுபிஎஸ்ஆர் தேர்வைக் காரணம் காட்டினோம். அத்தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டுவிட்டது. இனி என்ன காரணம் சொல்வோம்?

உங்கள் வீட்டு அலமாரியிலும் இயங்காத கருவி ஒன்று கிடக்கும். இவ்வார இறுதியில் பிள்ளையிடம் திருப்புளியைக் கொடுத்து அருகில் அமருங்கள். சரியாகாமல் போனாலும் போகட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதையாவது பிள்ளை அறியட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!